மரியாதையாகத் தோற்ற அணி

பந்து மெதுவாகத்தான் வந்தது. எதிர்ப்பக்கத்துப் பெண் அதை ஓங்கி அடிக்கக்கூட இல்லை, சும்மா தள்ளிவிட்டாள். வலைக்கு மேலே ஏறி, கடல் காற்றில் கொஞ்சம் தயங்கி, எங்கள் அணியின் இரண்டு பெண்களுக்கு நடுவே இறங்கியது. ஒருத்தி நந்தினி, மூன்றாம் ஆண்டு, அணியின் கேப்டன். இன்னொருத்தி பவானி, முதலாம் ஆண்டு. இரண்டு பேரில் யார் கையை நீட்டியிருந்தாலும் எடுத்திருக்கலாம்.

"அக்கா, நீங்க..." என்றாள் பவானி.

நந்தினி பவானியைப் பார்த்தாள். பவானி நந்தினியைப் பார்த்தாள். பந்தியில் மிஞ்சிய ஒரே வடையை "நீங்க எடுத்துக்குங்க, நீங்க எடுத்துக்குங்க" என்று சம்பந்திகள் தள்ளிக்கொண்டிருப்பார்களே, அந்த மாதிரி. பந்து செம்மண் தரையில் பொத்தென்று விழுந்தது. முதல் செட் போயிற்று.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரி மைதானம் அது. மாணவிகளுக்கான வாலிபால் போட்டி, பல்கலைக்கழக அளவில். அன்றைக்கு அரையிறுதி. என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் ஏழுமலை, எங்கள் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். ஊருக்கெல்லாம் பி.டி. சார். அவர் என் பக்கம் சாய்ந்தார்.

"பாத்தீங்களா மேடம்? நா சொல்லல? நந்தினி எறங்குனா டீம் வெளங்காது. அடுத்த செட்டுக்கு அவள ஒக்கார வெச்சுடறேன். நீங்களும் ஒரு வார்த்த சரின்னுடுங்க."

வலைக்கு எந்தப் பக்கம் நம்முடையது என்பதையே சட்டை நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற என்னிடம் அவர் ஏன் சம்மதம் கேட்டார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கணக்கு டீச்சருக்கு மைதானத்தில் என்ன வேலை?

இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதியதெல்லாம் வகுப்பறைக்குள் நடந்தவை. வகுப்பறைக்கு வெளியே நான் போனதில்லை என்பதுதான் காரணம். செங்கல்பட்டில், மின்சார ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்த கல்லூரியில் கணிதம் நடத்தினேன். கரும்பலகைக்கும் மேஜைக்கும் இடையே நடந்ததுதான் என் தேகப்பயிற்சி.

மாணவிகள் அணி வெளியூர் போனால் கூட ஒரு பெண் ஆசிரியர் போக வேண்டும் என்பது விதி. மற்றவர்களுக்குச் சின்னக் குழந்தைகள், மாமியார், முதுகுவலி என்று ஆளுக்கொரு காரணம் இருந்தது. எனக்குப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், மாமியார் சென்னையில் கொழுந்தனார் வீட்டில், முதுகும் நன்றாக இருந்தது. "சும்மா கூடப் போய் உக்காந்துட்டு வந்தா போதும் மேடம்" என்றார் முதல்வர். அந்த நிமிடத்திலிருந்து நான் டீம் மேனேஜர்.

போகப் போகத்தான் தெரிந்தது, சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று. பந்து மேலே போகும்போது என் உயிரும் கூடவே மேலே போய்விடும்.

நான் பிறந்து வளர்ந்தது திருக்கழுக்குன்றத்தில். எங்கள் ஊர் மலைக்கு நடுப்பகலில் இரண்டு கழுகுகள் வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகும் என்பது பிரசித்தம். என் சின்ன வயதிலேயே அவை ஒழுங்காக வருவதை விட்டுவிட்டன. வெளியூர்க்காரர்கள் அத்தனை படியும் ஏறி, மூச்சு வாங்கி, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒன்றும் வராது. "நேத்து வந்துதுங்களே" என்பார் எங்கள் அப்பா. கோயில் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். ஆனால் கழுகு விஷயத்தில் மட்டும் அவருக்கு எப்போதும் நேற்றுதான்.

எங்கள் வாலிபால் அணியைப் பார்க்க யாராவது வந்தால் பி.டி. சாரும் அதையேதான் சொல்வார். "நேத்து வந்திருக்கணும் சார் நீங்க!"

குழு வந்த நாள்

சீசன் தொடக்கத்தில் அப்படி இல்லை. அணி நன்றாகவே ஆடியது. யாரோடு மோதினாலும் ஜெயித்தது. கெட்டது எல்லாம் தரமதிப்பீட்டுக் குழு வந்த நாளில் ஆரம்பித்தது.

கல்லூரிக்கு வெள்ளையடித்து, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, எங்களுக்கெல்லாம் ஒரே நிறத்தில் புடவை கட்டச் சொல்லி அந்தக் குழுவை வரவேற்றார்கள். மாலையில் முதல்வர் அறையில் டீ, முந்திரி பிஸ்கட். ஜன்னலுக்கு வெளியே வாலிபால் மைதானம். ஜன்னலைச் சாத்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

பவானிக்கு மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பம். அலைச்சத்தத்துக்கு மேலே குரல் எடுத்துப் பேசி வளர்ந்த பெண். அணியில் அவள் லிபரோ. பின்வரிசையில் நின்று, கீழே விழுகிற பந்தையெல்லாம் விழாமல் எடுப்பது அவள் வேலை. அந்த ஒருத்திக்கு மட்டும் வேறு நிறத்தில் சட்டை. குரலும் வேறு ரகம்தான்.

"யேய் நந்து, நவுருடீ! என்து!"

முதல்வர் பிஸ்கட் தட்டை நீட்டியபடி நின்றுவிட்டார்.

"கண்ணு இன்னா பொடனிலயா கீது? உட்றீன்னா உடணும்!"

குழுத் தலைவர் வடக்கிலிருந்து வந்தவர், ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. மாணவிகள் உற்சாகமாக இருக்கிறார்கள் என்று மகிழ்ச்சியோடு தலையாட்டினார். புரிந்தது முதல்வருக்குத்தான்.

குழு ரயிலேறியதும் உத்தரவு வந்தது. மைதானம் என்பதும் கல்லூரியின் ஒரு பகுதியே. அங்கே வாடி, போடி கூடாது. இளையவர்கள் மூத்தவர்களை அக்கா என்று அழைக்க வேண்டும், வாங்க போங்க போட வேண்டும். மூத்தவர்களுக்கு முந்திக்கொண்டு குறுக்கே பாயக் கூடாது. பி.டி. சார் இதோடு ஒரு தண்டனையையும் சேர்த்தார். ஒரு 'டீ' வாயில் வந்தால் மைதானத்தைச் சுற்றி ஐந்து ரவுண்டு ஓட வேண்டும். முதல் வாரம் பவானி ஓடிய ஓட்டத்துக்கு அவளை மாரத்தானுக்கே அனுப்பியிருக்கலாம்.

பெண்கள் எல்லோரும் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்காதவள் நந்தினி மட்டும்தான். அவளுக்கு இந்த உத்தரவு பிடித்திருந்தது.

ஏன் என்று ஒருநாள் வேனில் வரும்போது சொன்னாள். அவள் ஊர் படாளம். அப்பா முனுசாமி, கரும்பு லோடு ஏற்றுகிற வேலை.

"எங்கப்பாவுக்கு அம்பது வயசு மேடம். ஊருக்குள்ள போனா, ஆறாங்கிளாஸ் படிக்கிற பையன் 'டேய் முனுசாமி, இங்க வாடா'ன்வான். இவரும் 'இதோ வந்துட்டேங்க'ன்னு போவாரு. என்னியும் அப்டிதான், 'யேய் முனுசாமி பொண்ணே'ன்னு. இங்க வந்துதான் மேடம் எனக்கு ஒருத்தி 'நீங்க' போடறா."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள். எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் யாரும் என்னை வாடி என்று அழைத்ததில்லை, என் அம்மாவைத் தவிர. அவளிடம் ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தேன்.

அவளுக்கு அது கடைசி சீசன். பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகிவிட்டால் அந்தச் சான்றிதழை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேக்கோ போலீசுக்கோ விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால் ஜி.எஸ்.டி. சாலையில் ஏதாவது ஒரு கம்பெனியில் பாக்கெட் ஒட்டும் வேலை, அக்கம்பக்கத்துப் பெண்கள் மாதிரி. தேர்வாளர்கள் அரையிறுதிக்குத்தான் வருவார்கள். அவள் கண்ணெல்லாம் அந்த ஒரு நாள் மேல் இருந்தது.

ஒருநாள் புலி, மறுநாள் பூனை

உத்தரவுக்குப் பிறகு அணிக்கு என்னவோ ஆயிற்று. சீசனின் பின்பாதி முழுக்க ஒருநாள் வெற்றி, மறுநாள் தோல்வி. அதுவும் எப்படி? மூன்றாம் ஆண்டுப் பெண்கள் செய்முறைத் தேர்வுக்குப் போய்விட, அரைகுறை அணியோடு இறங்கிய நாளில் பெரிய கல்லூரி ஒன்றைத் தூக்கியடித்தார்கள். எல்லோரும் திரும்பி வந்து முழுபலத்தோடு இறங்கிய மறுநாள், பேர் தெரியாத கல்லூரியிடம் உதை வாங்கினார்கள். நந்தினிக்குக் காய்ச்சல் வந்து வீட்டில் படுத்த அன்று வெற்றி. அவள் காய்ச்சல் விட்டு வந்த அன்று தோல்வி.

பி.டி. சார் ஆராய்ச்சியில் இறங்கினார். முதல் முடிவு, திருஷ்டி. பூசணிக்காய் உடைத்தோம். அதன் சதையில் வழுக்கி எங்கள் பெண்ணே ஒருத்தி விழுந்தாள். இரண்டாவது முடிவு, காலைச் சாப்பாடு. பொங்கல் தின்ற நாளெல்லாம் தோற்றிருக்கிறோம் என்றார். பொங்கலுக்குத் தடை வந்தது. இட்லி தின்றும் தோற்றோம். பிறகு ஜெர்சி நிறம், வேன் டிரைவர், மைதானத்தின் ஈசானிய மூலை.

கடைசியில் எல்லாம் நந்தினி தலையில் வந்து விடிந்தது. "அந்தப் பொண்ணுக்கு ராசி இல்ல போலருக்கு" என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு அம்மாள், டிபன் பாக்ஸைத் திறந்தபடி சொன்னார். இரண்டு நாளில் அது கல்லூரி முழுக்கப் பரவியது.

"நீங்க கணக்கு மேடம். நீங்களே பாருங்க. அவ ஆடுனா தோக்கறோம், அவ இல்லனா ஜெயிக்கறோம். கணக்கு பொய் சொல்லுமா?" என்றார் பி.டி. சார்.

எனக்குக் கோபமாக வந்தது. கணக்கு பொய் சொல்லாது, ஆனால் காரணமும் சொல்லாது. சேவல் கூவுவதால் பொழுது விடிவதில்லை என்று முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். ஆனால் சேவல் இல்லையென்றால் வேறு எது என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

நந்தினியே ஒருநாள் என்னிடம் வந்தாள். "நெசந்தான் மேடம். நானும் எண்ணிப் பாத்தேன். நா இல்லாதப்பதான் ஜெயிக்கிறாங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன்.

இருந்தும் தட்டுத் தடுமாறி அரையிறுதி வரை வந்துவிட்டோம். அதில் எங்கள் திறமையைவிட, எதிரணி ஒன்றின் வேன் படாளம் கூட்ரோடு தாண்டிப் பஞ்சராகி அவர்கள் வராமல் போனதற்குப் பங்கு அதிகம்.

இரண்டு செட்டுக்கு நடுவே

இனி மாமல்லபுரத்துக்குத் திரும்பலாம். முதல் செட் தோல்வி. நந்தினியை உட்கார வைக்க பி.டி. சார் என் சம்மதத்துக்குக் காத்திருக்கிறார். பின்னால் ஏதாவது ஆனால் "மேடமும் சரின்னாங்க" என்று சொல்ல வேண்டும் அல்லவா, அதற்காக. மைதானத்தின் ஓரத்தில் சோபா போட்டிருந்தார்கள். எங்கள் முதல்வர் சிறப்பு அழைப்பாளராக அதில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் தேர்வாளர், தொப்பி போட்ட ஒல்லியான பெண்மணி.

"உக்கார வைக்க வேண்டாம்" என்றேன். "அந்தக் கடைசிப் பந்து யாருடையதுன்னு மட்டும் எனக்குத் தெரியணும்."

பெண்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன்.

"அது யாரோட பந்து பவானி?"

"அக்காவோடது மேடம்."

"அவ ஏரியா மேடம்" என்றாள் நந்தினி.

"உன் ஏரியான்னா நீ ஏன் எடுக்கல?"

பவானி முதலில் பி.டி. சாரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அதற்கப்புறம் கொட்டித் தீர்த்துவிட்டாள்.

"அக்கா நின்னுகினு இருக்க சொல்ல நா எப்டி மேடம் குறுக்க வுழுவறது? மரியாதி இல்லன்னு ரவுண்டு ஓட வெப்பாங்க. முன்னல்லாம் நவுருடீன்னு ஒரு கத்து கத்துவேன், எடுத்துகினு போயினே இருப்பேன். இப்ப அக்கா எடுக்கறாங்களா இன்னான்னு மூஞ்சிய பாக்க வேண்டி கீது. அவங்க என் மூஞ்சிய பாக்கறாங்க. அதுக்குள்ள பந்து வுழுந்துடுது. அக்காங்க லீவு போட்டா நாங்க எங்களுக்குள்ள திட்டிகினு ஆடறோம், ஜெயிச்சுடறோம். ராசியும் இல்ல, ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல மேடம்!"

பி.டி. சார் தன் விசிலை எடுத்து, அதில் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி உற்றுப் பார்த்தார். பூசணிக்காய், பொங்கல், ஈசானிய மூலை எல்லாம் என் கண்முன் வந்து போயின. இத்தனை பேர் இத்தனை வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். பந்து எடுக்கிறவளை ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

நந்தினி குனிந்து ஷூ லேஸைக் கட்டினாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினாள்.

நிமிர்ந்தபோது சொன்னாள். "பவானி, இனிமே அக்கா வேணாம். முன்ன மாதிரியே கூப்டு."

"அய்ய, அதோ பிரின்சிபால் சோபால ஒக்காந்துகினு கீறாரு."

"அவரு வந்து பந்து எடுப்பாரா? கூப்டுடீ."

"சரி... நந்து."

"காதுல வுழல."

"சரிடீ நந்து!"

அவள் என்ன விட்டுக்கொடுக்கிறாள் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டீம் மேனேஜர் அழக்கூடாது என்று விதி இருக்கிறதோ என்னவோ என்று அடக்கிக்கொண்டேன்.

சோபாவில் முதல்வர்

இரண்டாவது செட்டின் முதல் பந்திலேயே ஆரம்பமாயிற்று.

"நவுருடீ! என்து!"

முதல்வர் கையில் இருந்த இளநீரின் குழாய் உதட்டிலேயே நின்றுவிட்டது. அடுத்த பந்துக்கு, "பாத்துகினே நிக்கிறியே, எட்றீ நந்து!" நந்தினி எடுத்தாள். அவளும் பதிலுக்கு, "பின்னாடி போடீ குண்டு!" என்றாள். பவானி ஒல்லிக் குச்சி. மற்றப் பெண்களுக்கும் வாய் திறந்துகொண்டது. இத்தனை வாரமாகச் சேர்த்து வைத்திருந்த வசவையெல்லாம் ஒரே மாலையில் தீர்த்தார்கள். கடல் இரைச்சல்கூட அடங்கிவிட்டது போல எனக்குத் தோன்றியது.

இரண்டாவது செட் எங்களுக்கு. மூன்றாவதும் எங்களுக்கு. நாலாவதை, பழக்கதோஷத்தில், தோற்றார்கள். ஐந்தாவது இழுபறி. நான் அண்ணாந்தும் பார்க்காமல் குனிந்தும் பார்க்காமல் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பந்துக்கு மட்டும் தலையைத் தூக்கினேன். எதிரணி அடித்த பந்து நந்தினியின் தோளை உரசுகிற மாதிரி போயிற்று. நந்தினி கையைத் தூக்கப் போனாள்.

"உட்றீ!"

நந்தினி சட்டென்று குனிந்தாள். அவளுக்குப் பின்னால் பவானி முட்டிக்காலைத் தேய்த்துக்கொண்டு தரையில் விழுந்தாள். அவள் கையில் பட்டுப் பந்து மேலே எழும்பியது. வலையருகே இருந்தவள் அதைத் தூக்கிக் கொடுக்க, அதற்குள் எழுந்து ஓடிப்போயிருந்த நந்தினி எம்பி ஓங்கி ஒரு அடி அடித்தாள். எதிர்ப்பக்கம் இரண்டு பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் கல்லூரியிலும் குழு வந்து போயிருக்க வேண்டும்.

தேர்வாளர் அம்மாள் நந்தினியைக் கூப்பிட்டு, பேரும் வயதும் கேட்டு, பல்கலைக்கழக அணிப் பயிற்சி முகாமுக்கு வரச் சொல்லிவிட்டார். பிறகு முதல்வரிடம் திரும்பினார்.

"உங்க பொண்ணுங்க நல்லா பேசி ஆடறாங்க சார். மத்த டீமெல்லாம் ஊமை மாதிரி நிக்குதுங்க. அதனாலதான் பந்து விழுது."

முதல்வர் ஒரே ஒரு நொடிதான் தயங்கினார். "அதுக்குன்னே தனிப் பயிற்சி குடுக்கறோம் மேடம்" என்றார்.

மறுநாள் இறுதிப் போட்டியில் தோற்றோம். வாய் ஓயாமல் கத்திக்கொண்டேதான் தோற்றோம். எதிரணி எங்களைவிட நன்றாக ஆடியது, அவ்வளவுதான். அதற்கு பி.டி. சார் காரணம் தேடவில்லை.

வேலிக்கு வெளியே நின்றவர்

அரையிறுதி முடிந்த அந்த மாலையில் இன்னொன்று நடந்தது. கம்பி வேலிக்கு வெளியே, சவுக்கு மரத்தடியில், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ஆரம்பத்திலிருந்தே நின்றிருந்தார். உள்ளே வரலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர்தான் முனுசாமி. படாளத்திலிருந்து செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து வேறு பஸ் பிடித்து, மகள் ஆடுவதை முதல்முறையாகப் பார்க்க வந்திருந்தார்.

நான் போய் உள்ளே அழைத்து வந்தேன். மகள் ஜெயித்த சந்தோஷம் அவர் முகத்தில் இல்லை.

"மேடம், ஒண்ணு கேக்கலாங்களா? எம் பொண்ணு கேப்டன்னு சொல்லுச்சு."

"ஆமாங்க. அவதான் கேப்டன்."

"அப்பறம் அந்தச் சின்னப் பொண்ணு ஏங்க, அத்தினி பேரு எதுர்ல, வாடி போடின்னுது?" குரலைத் தணித்தார். "இங்கயுமாங்க?"



அவர் கேட்டது நந்தினி காதில் விழுந்துவிட்டது. பவானியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்தினாள்.

"இவ முட்டிய பாருப்பா."

பவானியின் வலது முட்டியில் தோல் உரிந்து, ரத்தமும் செம்மண்ணும் கலந்து அப்பியிருந்தது. இரண்டு கிளிஞ்சல் துண்டுகள் ஒட்டியிருந்தன.

"நம்மூர்ல ஒன்ன வாடா போடான்றானுங்களே, அவனுங்கள்ல ஒருத்தனாவது ஒனக்கோசரம் இப்டி வுழுந்துகீறானாப்பா? இவ எனக்கோசரம் வுழுந்தா."

முனுசாமி அந்த முட்டியைக் குனிந்து பார்த்தார். பிறகு பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, கீழே குந்தி உட்கார்ந்தார். பவானி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அய்ய, வேணா பெரிப்பா."

"காட்டும்மா" என்று அவள் காலைப் பிடித்து, புண்ணில் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். "எரியுதா?"

"எரியுது பெரிப்பா."

கிளிஞ்சல் துண்டுகளை விரல் நுனியால் ஒவ்வொன்றாக எடுத்தார். பாட்டிலில் இருந்த மிச்சத் தண்ணீரையும் ஊற்றினார்.